மேப்பிள் காடு வாங்கி சிரப் காய்ச்சினால் கட்டுப்படியாகுமா?

கேள்வி இதுதான்: நியூயார்க் மாநிலத்தின் வடக்கே 30 ஏக்கர் காடு விலைக்கு வருகிறது, பெரும்பாலும் மேப்பிள் மரங்கள், அந்த மரத்தின் சாறைக் காய்ச்சி எடுக்கும் இனிப்புப் பாகான சிரப், கடையில் ஒரு சின்ன பாட்டில் விற்கிற விலையைப் பார்த்தால் நல்ல வருமானம் வரும்போல் தெரிகிறது, பார்க்கும் வேலையை விட்டுவிட்டு இதில் முழுசாக இறங்கலாமா? நான் நியூயார்க்குக்கு அடுத்த மாநிலமான வெர்மான்ட் பக்கம் இருப்பவன். ஒவ்வொரு மார்ச்சிலும் பக்கத்துப் பண்ணைக்காரரோடு சேர்ந்து குழாய் பழுது பார்ப்பதிலிருந்து பாட்டிலில் ஊற்றுவது வரை எல்லா வேலையும் செய்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: வேலையை விடாதீர்கள். காட்டை வாங்குவது வேறு விஷயம், அதற்கு நான் சரி என்றுகூடச் சொல்வேன். ஆனால் இந்தத் தொழிலில் காசு மரத்தில் இல்லை. காய்ச்சிய சிரப்பை யாரிடம், எந்த அளவு பாத்திரத்தில் விற்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் மரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

சுகர் மேப்பிள் மரத்தின் சாறு பார்வைக்குத் தண்ணீர்தான். நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு, அவ்வளவே. சர்க்கரை சுமார் 2 சதவீதம். நம் பனம்பதநீரில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கவே எவ்வளவு விறகு போகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த 2 சதவீதம் என்றால் என்னவென்று புரியும். சிரப் என்று விற்க அதில் 66, 67 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும். ஆக, ஒரு லிட்டர் சிரப்புக்கு சுமார் 40 லிட்டர் சாறு. தொழிலில் இருப்பவர்கள் 86 என்ற எண்ணைச் சாறின் சர்க்கரை சதவீதத்தால் வகுத்து இதைக் கணக்குப் போடுவார்கள்: 2 சதவீதச் சாறு என்றால் 43, ஒன்றரை சதவீதம் என்றால் 57. அரை சதவீத வித்தியாசத்தில் எவ்வளவு எரிபொருள் கூடுகிறது பாருங்கள். காடு வாங்கும்போது மரத்தின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் போதாது என்பது இதனால்தான். கிளை விரித்து, தலை முழுக்க வெயில் வாங்கி வளர்ந்த மரத்தின் சாறில் இனிப்பு அதிகம். நெருக்கத்தில் ஒல்லியாக நிற்கும் மரத்தில் குறைவு.

சாறு எப்போது வரும் என்பதும் உங்கள் கையில் இல்லை. இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். மேப்பிள் மரத்தின் நார்களுக்குள் தண்ணீருக்குப் பதில் காற்று இருக்கிறது. இரவில் குளிர் இறங்கும்போது அந்தக் காற்று சுருங்கி, பக்கத்தில் பனிக்கட்டி படிய, மரம் வேரிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கிறது. காலையில் வெயில் பட்டதும் பனி உருகி, அடைபட்ட காற்று விரிந்து அழுத்த, நாம் போட்ட துளை வழியே சாறு வெளியே வருகிறது. தொடர்ந்து குளிராகவே இருந்தால் ஒரு சொட்டும் வராது. தொடர்ந்து வெப்பமாக இருந்தாலும் வராது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை, நாலிலிருந்து ஆறு வாரம், அதிலும் நன்றாக ஓடுகிற நாட்கள் கொஞ்சம்தான். வருஷ வருமானம் முழுவதும் அந்த நாட்களுக்குள் வந்தாக வேண்டும். மொட்டு விடத் தொடங்கிவிட்டால் சாறின் சுவையே மாறிவிடும், எவ்வளவு காய்ச்சினாலும் அந்த வாடை போகாது. அத்தோடு அந்த வருஷம் முடிந்தது.

2012 மார்ச்சில் இங்கே கோடை மாதிரி வெயில் அடித்தது. அமெரிக்க உற்பத்தி முந்தைய வருஷத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. உலகச் சிரப்பில் 70 சதவீதம் அளவுக்குத் தருகிற கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2022ல் 21.1 கோடி பவுண்டு எடை சிரப், அடுத்த வருஷமே 12.4 கோடி, அதற்கடுத்த 2024ல் 23.9 கோடி. அதே மரங்கள், அதே ஆட்கள், அதே இயந்திரம். வானிலை மட்டும்தான் வேறு. வங்கியில் கடன் வாங்கி இதில் இறங்குகிறவர் இந்த மூன்று எண்களை எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட காட்டுக்கு வருவோம். 30 ஏக்கரில் 20 ஏக்கர் நல்ல மேப்பிள், ஏக்கருக்கு 50 துளை என்று வைத்தால் 1000 துளை. (துளையைத்தான் டேப் என்கிறார்கள். இங்கே எல்லாவற்றையும் டேப் கணக்கில்தான் பேசுவார்கள், மரக் கணக்கில் இல்லை. பெரிய மரத்தில் இரண்டு போடலாம்.) பழைய முறைப்படி வாளி மாட்டினால் ஒரு டேப்புக்கு ஒரு சீசனில் 10 கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்) சாறு, அதாவது கால் கேலன் சிரப். பிளாஸ்டிக் குழாய் இழுத்து, வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சினால் இரண்டு மடங்கு, டேப்புக்கு அரை கேலன் வரை. நன்றாகப் பராமரிக்கிறவர்கள் இன்னும் மேலே எடுக்கிறார்கள். ஆக உங்களுக்கு ஒரு சராசரி வருஷத்தில் 500 கேலன் கிடைக்கலாம்.

ஒரு கேலன் சிரப் 11 பவுண்டு எடை. பீப்பாயில் அடைத்து மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் பவுண்டுக்கு இரண்டரை டாலர் என்று வையுங்கள், வருவது 13,750 டாலர். இது லாபம் இல்லை, வரவு. குழாய், பம்ப், சாறு சேர்க்கும் தொட்டி, சாறிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் இயந்திரம், காய்ச்சும் இவாப்பரேட்டர், வடிகட்டும் பிரஸ், இதெல்லாம் வைக்க ஒரு கொட்டகை, காடு வரை மின்சாரம். புதிதாக வாங்கினால் 1000 டேப்புக்கு 50,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும், அதில் நிலத்தின் விலை சேரவில்லை. வருஷா வருஷம் துளையில் செருகும் மூக்குகளை மாற்ற வேண்டும், எரிபொருள், மின்சாரம், பழுது. உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டால் மிச்சம் எதுவும் இல்லை. கூலி போடாவிட்டால் கொஞ்சம் இருக்கும்.

அதே 500 கேலனை நீங்களே பாட்டிலில் ஊற்றி விற்றால்? கால் கேலன் பாட்டில் 18 டாலர் என்றால் கேலனுக்கு 72, மொத்தம் 36,000. பாட்டில், லேபிள், தபால் செலவு எல்லாம் போனாலும் பீப்பாய்க் கணக்கைவிட எங்கேயோ இருக்கிறது. ஆனால் அது 2000 பாட்டில். அந்த 2000 பாட்டிலை யார் வாங்குவார்கள்? உங்கள் அலுவலகம், சொந்தக்காரர்கள், கோவில், தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முதல் வருஷம் 200 வாங்குவார்கள், அதுவே நல்ல எண்ணிக்கை. மற்றதற்குச் சந்தையில் சனிக்கிழமை சனிக்கிழமை நிற்க வேண்டும், சின்னக் கடைகளில் ஏறி இறங்க வேண்டும், இணையத்தில் விற்க வேண்டும். வெர்மான்ட்டில் சிறிய அளவில் செய்து தாக்குப்பிடிக்கிற குடும்பங்களைப் பார்த்தால் எல்லோரிடமும் இந்த ஒன்று இருக்கிறது: தலைமுறையாக வருகிற வாடிக்கையாளர்கள். சாறு எடுக்கும் திறமை எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பீப்பாய் விலை யார் வைக்கிறார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் வெளியாட்களுக்குத் தெரியாத பெரிய கதை. அமெரிக்காவில் யாரும் வைப்பதில்லை. நடைமுறையில் அது கியூபெக்கில் முடிவாகிறது. அங்கே உற்பத்தியாளர்கள் 1966லேயே ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள், 1990ல் அரசுச் சட்டத்தின்கீழ் கூட்டு விற்பனைத் திட்டம் வந்தது. பின்னால் பீப்பாயில் மொத்தமாக விற்கிற சிரப் எல்லாம் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்றானது, 2004ல் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு பவுண்டுதான் என்று கோட்டாவும் வந்தது. தன் தோட்ட வாசலில் சின்னப் பாத்திரங்களில் நேரே விற்றுக்கொள்ளலாம். பீப்பாயில் விற்க முடியாது. மீறினால் அபராதம், சிரப்பைப் பிடித்தும் போவார்கள். சுதந்திரமாக விற்க நினைத்த சிலர் வருஷக்கணக்கில் நீதிமன்றம் போய்ப் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் மரம், தன் உழைப்பு, விற்க இன்னொருவர் அனுமதி.

ஆனாலும் நான் அந்த அமைப்பின் பக்கம்தான் சாய்வேன். காரணம் அதன் சேமிப்புக் கிடங்கு. 2000ல் அதைத் தொடங்கினார்கள். நல்ல வருஷத்தில் மிஞ்சுகிற சிரப்பைச் சூடாக்கிக் கிருமி நீக்கிப் பீப்பாயில் அடைத்து வைத்துவிடுவார்கள், மோசமான வருஷத்தில் அதை வெளியே விடுவார்கள். 2021ல் விளைச்சல் குறைந்து, கொரோனாவால் வீட்டில் சமைக்கிற பழக்கம் கூடித் தேவை ஏறியபோது, ஒரே வருஷத்தில் 5 கோடி பவுண்டு வெளியே வந்தது. அது இல்லாவிட்டால் அந்த வருஷம் விலை கண்டபடி ஏறியிருக்கும், வாங்குகிற உணவுக் கம்பெனிகள் மலிவான சோளச் சிரப்புக்கு மாறியிருக்கும், அப்படிப் போனவர்கள் திரும்ப வருவது கஷ்டம். இதற்கான விலையைக் கொடுப்பது அங்குள்ள உற்பத்தியாளர்தான். கிடங்குக்குப் போன பீப்பாய்க்கு முழுப் பணம் உடனே கைக்கு வராது, அது விற்ற பிறகுதான் வரும். 2022க்குப் பிந்தைய மோசமான சீசனும் சேர்ந்து கிடங்கு கிட்டத்தட்டக் காலியாகிப்போனது, இதையொட்டி லட்சக்கணக்கில் புதிய டேப்புகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கிடங்கில்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்தத் திருட்டு நடந்தது. 2011, 2012 வாக்கில் செயின்ட் லூயி தெ பிளாண்ட்ஃபோர்ட் என்ற ஊரில் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த கட்டடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பீப்பாய்களைக் கொண்டுபோய், சிரப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பித் திரும்ப வைத்தார்கள், கடைசியில் காலியாகவே விட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர் அடுக்கின்மேல் ஏறியபோது காலிப் பீப்பாய் ஆடியதில்தான் விஷயம் வெளியே வந்தது. போனது ஏறக்குறைய 3000 டன், மதிப்பு 1.8 கோடி கனடிய டாலருக்கு மேல். இதைப் பலரும் வேடிக்கைச் செய்தியாகவே சொல்கிறார்கள். எனக்கு இது வேறு ஒன்றைக் காட்டுகிறது: திருடியதை விற்க அவர்களுக்கு ஆள் கிடைத்தது, ஏனென்றால் கோட்டாவுக்கு வெளியே சிரப் வாங்கத் தயாராக ஏற்கெனவே ஒரு சந்தை இருந்தது. விலையைக் கட்டிப்பிடித்து வைக்கிற எந்த ஏற்பாட்டுக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற உங்களுக்கு இதனால் என்ன? கியூபெக் விலையை நிலையாக வைத்திருப்பதன் நிழலில் அமெரிக்கக்காரர்கள் கோட்டா இல்லாமல் வளர்ந்தார்கள். 2024ல் அமெரிக்கா முழுவதும் 58.6 லட்சம் கேலன், அதில் வெர்மான்ட் மட்டும் 31 லட்சம். ஆனால் கனடிய டாலர் இறங்கினால் இங்கே பீப்பாய் விலையும் இறங்கும், அதற்கு நீங்கள் எதுவும் செய்ய முடியாது. அப்புறம் இங்கே சில பெரிய முதலீட்டு நிறுவனங்கள் லட்சக்கணக்கான டேப்புகளோடு இறங்கியிருக்கின்றன. 1000 டேப் வைத்துக்கொண்டு பீப்பாய் விலையில் அவர்களோடு போட்டி போட முடியாது.

இயந்திரங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலின் பொருளாதாரத்தையே மாற்றியது அதுதான். ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ், நம் வீட்டில் குடிதண்ணீருக்கு வைக்கிற அதே ஆர்ஓ. 1970களில் சிரப் தொழிலுக்குள் வந்தது. வீட்டில் நாம் தண்ணீரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிறோம், இங்கே தண்ணீரைக் கொட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறார்கள். 2 சதவீதச் சாறை 8 சதவீதமாக்கினால் நாலில் மூன்று பங்கு தண்ணீர் அடுப்பில் ஏறும் முன்பே போய்விட்டது. எண்ணெய் எரித்துக் காய்ச்சுகிற அடுப்பில் பச்சைச் சாறாக ஊற்றினால் ஒரு கேலன் சிரப்புக்குச் சுமார் 4 கேலன் எண்ணெய், 8 சதவீதமாக்கி ஊற்றினால் ஒரு கேலன். விறகானாலும் இதே விகிதம். இப்போது 20 சதவீதத்துக்கும் மேலே ஏற்றுகிறார்கள். சுவை குறையாதா என்று ஒரு வாதம் இருக்கிறது. அண்டர்ஹில்லில் உள்ள வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே சாறை வெவ்வேறு அளவில் செறிவாக்கிக் காய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. விறகடுப்பில் பச்சைச் சாறாகக் காய்ச்சுவதில் ஒரு பெருமை இருக்கிறது, வருகிறவர்களுக்கு அதைக் காட்டி விற்கவும் செய்யலாம். ஆனால் 1000 டேப் என்றால் ஆர்ஓ இல்லாமல் இறங்கவே வேண்டாம், தூங்க முடியாது.

தூக்கம் என்று சொன்னது சும்மா இல்லை. சாறு பால் மாதிரி கெடும், வந்த அன்றோ மறுநாளோ காய்ச்சியாக வேண்டும். பகல் முழுக்க ஓடிய சாறு சாயங்காலம் தொட்டியில் நிறையும், ராத்திரி காய்ச்சுவீர்கள். இவாப்பரேட்டரின் பின்தட்டில் சாறு விழுந்து, தடுப்பு தடுப்பாக நகர்ந்து, முன்தட்டுக்கு வரும்போது நிறம் ஏறி, குமிழி சின்னதாகி, நுரை தங்க நிறத்தில் எழும்பும். தட்டில் ஒன்றரை, இரண்டு அங்குலம்தான் திரவம் நிற்கும். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் சிரப். காற்றழுத்தம் மாறினால் தண்ணீரின் கொதிநிலையே மாறும் என்பதால் தினமும் அதைச் சரிபார்க்க வேண்டும். அகலக் கரண்டியால் முகந்து பக்கவாட்டில் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் ஓரத்தில் ஏடு போல் தொங்கும், அந்தப் பக்குவத்தில் வால்வைத் திறக்க வேண்டும், ஹைட்ரோமீட்டரைப் போட்டு அடர்த்தி பார்க்க வேண்டும். நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெயோ எண்ணெயோ விட்டால் அப்படியே அடங்கிவிடும். அந்த நேரத்தில் சாறு வரும் குழாய் அடைத்து, யாரும் கவனிக்காமல் மட்டம் இறங்கினால், ஒரு நிமிஷத்துக்குள் தட்டு கருகிவிடும், ஆயிரக்கணக்கான டாலர் போச்சு. எரிகிற அடுப்பை விட்டு நகரவே கூடாது.

பகலில் காட்டு வேலை. வேக்குவம் குழாயில் ஒரு அணில் பல் பட்டால் போதும், காற்று இழுத்து அந்த வரிசை முழுக்க அழுத்தம் விழும். பனியில் கால் புதையாமலிருக்க அகலமான பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, சீறுகிற சத்தம் எங்கே கேட்கிறது, குழாயில் சாறு எங்கே குமிழி விட்டு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். விளைச்சலில் நல்லவருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த நடையில்தான் இருக்கிறது.

மரத்துக்குக் கெடுதல் இல்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். முறையாகச் செய்தால் நூறு வருஷத்துக்கு மேல் எடுக்கிற மரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழும் மரம் நீளவாக்கில் ஒரு கீற்று அளவுக்குத் தன் திசுவை அடைத்துக்கொள்ளும், அந்த இடத்தில் இனி சாறு ஓடாது. அடுத்த வருஷம் அதைத் தவிர்த்துத் துளை போட வேண்டும். அதனால் மரம் வருஷா வருஷம் போதுமான புது மரத்தைப் பருமனில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சில வருஷங்களில் துளை போட இடமே இருக்காது. பத்து அங்குல விட்டத்துக்குக் கீழே உள்ள மரத்தைத் தொடாதீர்கள். அந்த அளவுக்கு வரவே ஒரு மரத்துக்கு 40 வருஷம் ஆகும். யாரோ விட்டு வைத்ததைத்தான் நீங்கள் வாங்கப் போகிறீர்கள். பேராசையில் சின்ன மரத்தில் துளை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை, விற்பனைக்கு உதவும். சீசன் தொடக்கத்தில் வெளிர் தங்க நிறம், போகப் போகக் கருமை. வெயில் ஏற ஏற நுண்ணுயிர்கள் சாறின் சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும், அவை அடுப்பில் சீக்கிரம் நிறமேறும், அவ்வளவுதான். முன்பெல்லாம் வெளிர்தான் உசத்தி. 2015க்குப் பிறகு நாலு நிறமும் ஒரே முதல் தரத்தில் வருகின்றன, கருஞ்சிரப்பைத் தேடி வாங்குகிறவர்களும் நிறையப் பேர். எனக்கும் அதுதான் பிடிக்கும், தோசைக்குத் தொட்டுக்கொள்ளக்கூட.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? காட்டை வாங்குங்கள், ஆனால் முதல் இரண்டு மூன்று வருஷம் அடுப்பு வாங்காதீர்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காட்டைப் பக்கத்தில் இருக்கிற பெரிய உற்பத்தியாளருக்கு டேப் கணக்கில் குத்தகைக்கு விடுவது. வெர்மான்ட்டில் டேப்புக்கு வருஷம் ஒரு டாலரை ஒட்டித்தான் பேசுவார்கள், பெரிய பணம் இல்லை, சொத்துவரியில் ஒரு பகுதியைக் கட்ட உதவும். இரண்டாவது, எனக்குப் பிடித்தது, குழாயும் பம்பும் மட்டும் நீங்கள் போட்டு, சாறாகவே அவருக்கு விற்பது. சர்க்கரை சதவீதத்தைப் பார்த்து விலை தருவார்கள். காய்ச்சுகிற முதலீடும் ராத்திரி வேலையும் அவர் தலையில், காடும் குழாயும் உங்கள் கையில். உங்கள் பங்காகக் கொஞ்சம் சிரப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு உங்கள் பெயரில் பாட்டில் போட்டு விற்றுப் பாருங்கள். அது வருஷம் 500, 600 பாட்டில் வரை போகிறது என்று தெரிந்த பிறகு இவாப்பரேட்டர் வாங்கலாம். பழையது வாங்கினால் 1990களின் நடுவுக்கு முந்தைய தட்டுகளில் ஈயப் பற்று இருக்கலாம், சோதிக்காமல் வாங்காதீர்கள்.

நிலத்தைப் பார்க்கப் போகும்போது இலை உதிர்வதற்கு முன் செப்டம்பரிலேயே போங்கள், அப்போதுதான் எது சுகர் மேப்பிள், எது ரெட் மேப்பிள் என்று சுலபமாகத் தெரியும். ரெட் மேப்பிளிலும் எடுக்கலாம், ஆனால் இனிப்பு குறைவு, மொட்டும் முன்னதாக விடும். ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பத்து அங்குல விட்டத்துக்கு மேல் எத்தனை மரம் என்று நீங்களே எண்ணுங்கள், விற்கிறவர் சொல்லும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது, சாறு தானாக ஓடிச் சேருகிற தாழ்வான இடத்துக்கு மார்ச் மாதச் சேற்றில் லாரி வர வழி இருக்கிறதா, மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சாறு வாங்குகிறவர் பத்து மைலுக்குள் யாராவது உண்டா. இந்த நாலுக்கும் பதில் கிடைத்ததும் எழுதுங்கள், எத்தனை டேப்பில் தொடங்கலாம், குழாயை எப்படி இழுக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.